சிங்கப்பூரில் பிடிபட்ட தாத்தா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தாத்தா பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் மதராஸ் சேப்பர்ஸ் படையில் சாதாரணச் சிப்பாய். 1940இல் பெங்களூர் போய்ச் சேர்ந்தார். 1942இல் சிங்கப்பூரில் ஜப்பான்காரர்களிடம் பிடிபட்டார். 1945 கடைசியில் வீடு திரும்பினார். அவரைப் பற்றி நான் விசாரித்துக்கொண்டிருப்பது வெளியே தெரிந்ததிலிருந்து, கல்யாண வீடோ கருமாதியோ, யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து "எங்க தாத்தாவும் அங்கதான் இருந்தாரு" என்று ஆரம்பிப்பார்கள். கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன்.

தாத்தா "சிங்கப்பூர் சண்டை"ன்னு மட்டும்தான் சொல்வார். அது எந்தச் சண்டை?

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலாயாவைப் பிடித்த சண்டை. 1941 டிசம்பர் 8ஆம் தேதி கிளந்தானில் உள்ள கோத்தபாருவில் ஜப்பான் படை கரையிறங்கியது. ஜித்ரா, கம்பார், சிலிம் ரிவர், மூவார் என்று ஒவ்வோர் இடமாகத் தோற்றுப் பின்வாங்கி, 1942 ஜனவரி 31ஆம் தேதி பிரிட்டிஷ் தரப்பு முழுக்க சிங்கப்பூர் தீவுக்குள் ஒதுங்கியது. ஜொகூரிலிருந்து வரும் பாலத்தைத் தகர்த்தார்கள். எட்டு நாளில் ஜப்பான்காரர்கள் படகில் நீரிணையைக் கடந்துவிட்டார்கள். பிப்ரவரி 15ஆம் தேதி, சீனப் புத்தாண்டு அன்று, புக்கிட் தீமா ஃபோர்டு கார் தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பெர்சிவல் சரணடைந்தார்.

மொத்தம் 70 நாள். தாத்தாக்கள் "சிங்கப்பூர்" என்று சொல்வது பெரும்பாலும் இந்த 70 நாளையும் சேர்த்துத்தான். சண்டை மலாயாவின் வடக்கே கெடாவில் நடந்திருந்தாலும் அவர்களுக்கு அது சிங்கப்பூர்தான்.

மெட்ராஸ்காரங்களுக்கு அங்க என்ன வேலை? துப்பாக்கி பிடிச்சாரா, இல்ல மண்ணு வெட்டினாரா?

இரண்டும். சேப்பர் என்றால் படையின் பொறியியல் ஆள். பாலம் கட்டுவது, பாலம் தகர்ப்பது, சாலை போடுவது, கண்ணிவெடி வைப்பது, குடிதண்ணீருக்கு வழி செய்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. மதராஸ் சேப்பர்களுக்கு ராணுவத்தில் "தம்பி" என்றே பெயர். அதிகாரி வெள்ளைக்காரராக இருந்தாலும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். சேப்பர்கள் தவிர டிரைவர்கள், ஆஸ்பத்திரிப் பணியாளர்கள், சமையற்காரர்கள் என்றும் நம் பக்கத்து ஆட்கள் இருந்தார்கள்.

பின்வாங்கும் படையில் சேப்பர்தான் கடைசி ஆள். எல்லோரும் கடந்த பிறகு பாலத்தை வெடிவைத்துத் தகர்த்துவிட்டு ஓட வேண்டும். அப்படித் தகர்த்ததை ஜப்பான் பொறியாளர்கள் மரத்தை வெட்டிப் போட்டுச் சீக்கிரமே சரிசெய்துவிடுவார்கள். அவர்கள் காலாட்படை சைக்கிளில் வந்தது. டயர் கிழிந்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டுவார்கள். ராத்திரியில் அந்தச் சத்தம் டாங்கி வருவது போல இருக்குமாம். தாத்தா கடைசிவரை தார் ரோட்டில் இரும்பு உரசும் சத்தம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சண்டையே போடாம சரணடைஞ்சிட்டாங்கன்னு படிச்சேன். நம்ம ஆளுங்க அவ்வளவு மோசமா?

இந்தக் கேள்வி வந்தாலே எனக்குக் கோபம் வரும். மலாயாவில் பிரிட்டிஷ் தரப்பிடம் ஒரு டாங்கிகூட இல்லை. ஜப்பானிடம் இருந்தது. வானத்தில் அவர்கள் விமானம்தான். அனுபவமுள்ள ஆட்களைப் புதுப் படைப்பிரிவுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பயிற்சி முடியாத பையன்களை அனுப்பியிருந்தார்கள். மூவாரில் நின்ற 45ஆவது இந்தியப் பிரிகேடில் பாதிப்பேருக்கு மீசைகூட ஒழுங்காக முளைத்திருக்காது. பக்கத்திலுள்ள பாரிட் சூலோங்கில் நகர முடியாமல் விடப்பட்ட ஆஸ்திரேலிய, இந்தியக் காயம்பட்டவர்களை ஜப்பான் படை கொன்றது. சண்டை போடாதவனுக்கு அவ்வளவு காயம் எங்கிருந்து வரும்?

சரணடையும் முடிவை எடுத்தது சிப்பாய் அல்ல. தண்ணீர்த் தொட்டிகள் எதிரி கையில் போய்விட்டன, ஊருக்குள் லட்சக்கணக்கான ஜனம் இருந்தது. தாத்தாவுக்குக் கிடைத்த உத்தரவு ஒரே வரி: ஆயுதத்தைக் குவித்து வை.

பிடிபட்டதும் எல்லாரையும் சாங்கி ஜெயில்ல போட்டாங்களா?

இல்லை. சாங்கிக்குப் போனவர்கள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள். பிப்ரவரி 17ஆம் தேதி இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியே பிரித்து ஃபேரர் பார்க் மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். 40,000க்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானிடம் ஒப்படைத்தார். மேஜர் ஃபுஜிவாரா ஜப்பானிய மொழியில் பேச, அது ஆங்கிலத்திலும் பிறகு இந்துஸ்தானியிலும் சொல்லப்பட்டது. அடுத்து, பிடிபட்ட இந்திய அதிகாரியான கேப்டன் மோகன் சிங் பேசினார்: இந்திய விடுதலைக்காக ஒரு படை, விரும்புகிறவர்கள் வாருங்கள்.

தமிழ்ச் சிப்பாய்க்கு இந்துஸ்தானி பரேடு கிரவுண்டு அளவுக்குத்தான் தெரியும். "முன்னால இருந்தவன் கையைத் தூக்கினான், நானும் தூக்கினேன். எதுக்குன்னு ராத்திரிதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்" என்பார் தாத்தா. பிறகு நீசூன், பிடாதாரி, சிலேத்தார் என்று பல முகாம்களில் பிரித்து வைத்தார்கள்.

அப்போ எங்க தாத்தா ஐ.என்.ஏ.வா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

எல்லோரும் கேட்பது இதுதான், முகத்தில் ஒரு எதிர்பார்ப்போடு. ஆனால் ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்) என்பது ஒரே படை அல்ல. 1942 செப்டம்பரில் மோகன் சிங் தலைமையில் உருவானது முதல் படை. அவருக்கும் ஜப்பானியருக்கும் ஒத்துவரவில்லை. டிசம்பரில் அவரையே கைது செய்தார்கள், படை கலைந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு எழுந்தது இரண்டாவது. அதில் சிப்பாய்களோடு மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அதனால் "தாத்தா நேதாஜி படை" என்று வீட்டில் சொன்னால், அவர் சிப்பாயாகப் போய்ச் சேர்ந்தவரா, தோட்டத்திலிருந்து போனவரா என்று முதலில் பாருங்கள். முதலில் சேர்ந்து, கலைந்ததும் மறுபடி கைதியாகப் போனவர்களும் உண்டு.

சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் காரணம் ஒன்றல்ல. நாட்டுக்காகப் போனவர்கள் இருந்தார்கள். சோற்றுக்காகவும், கூட இருந்தவனைத் தனியே விடக்கூடாது என்றும் போனவர்கள் இருந்தார்கள். சேராதவர்களிலும் வெள்ளைக்காரன் மேல் பாசம் உள்ளவர் குறைவு. "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று வளர்ந்தவன் சத்தியம் செய்த இடத்தை மாற்றத் தயங்குவான். தாத்தா சேரவில்லை. எங்கள் தெருவிலிருந்தே இன்னொருவர் சேர்ந்தார்.

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம், ஐ.என்.ஏ.வில் எவ்வளவு ஈடுபட்டார்கள் என்று பார்த்து, திரும்பியவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தது. தெருக்காரர் கறுப்பு. கைதியாக இருந்த காலத்துச் சம்பளம் போய், வேலையும் போய், வெறுங்கையோடு வந்தார். தாத்தா வெள்ளை, நிலுவைச் சம்பளத்தில் ஒரு ஜோடி மாடு வாங்கினார். 1972இல் மத்திய அரசு தியாகிகள் பென்ஷன் கொண்டுவந்தபோது அது ஐ.என்.ஏ. வீரர்களுக்கும் கிடைத்தது. அதிலிருந்து தெருக்காரருக்கு மாதாமாதம் பணம், ஆகஸ்டு 15க்குச் சால்வை. தாத்தாவுக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேரும் சாயங்காலம் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை.

அம்மா சொல்றாங்க, தாத்தா சயாம் மரண ரயில்ல வேலை செஞ்சாருன்னு. சிப்பாயா இருந்தாரே, எப்படி?

சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க்கைதிகளாக அங்கே போன 60,000 பேரும் பெரும்பாலும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக்காரர்கள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஆசியக் கூலிகள் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளம். செத்தவர்களும் அவர்களே அதிகம். இந்தியச் சிப்பாய்களை ஜப்பான் பொதுவாக வேறு திசைக்கு அனுப்பியது (அடுத்த பதில்).

உங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் இருந்திருக்கலாம்: ஒருவர் சிப்பாய், இன்னொருவர் தோட்டத்துக்குப் போன பெரியப்பாவோ மாமாவோ. எழுபது வருஷத்தில் இரண்டு பேர் கதையும் ஒருவர் தலையில் ஏறிவிடும். எனக்குத் தெரிந்து மூன்று வீட்டில் இப்படி ஆகியிருக்கிறது.

ஐ.என்.ஏ.ல சேராதவங்களை எங்க அனுப்பினாங்க? எங்க தாத்தா சொல்ற ஊர் பேர் எதுவும் மேப்புல இல்ல.

கப்பலில் ஏற்றித் தெற்கே, கிழக்கே. நியூகினியில் வேவாக், நியூ பிரிட்டன் தீவில் ரபவுல், போர்னியோவில் குச்சிங். வேவாக் பக்கம் 1943இல் சுமார் 3000 இந்தியர்கள் இறக்கப்பட்டார்கள். மிகச் சிலரே உயிரோடு மீண்டார்கள். ரபவுல் கொஞ்சம் பரவாயில்லை, அங்கே சில ஆயிரம் பேர் மிஞ்சினார்கள். நேசநாட்டு விமானங்கள் ஓயாமல் குண்டு போட்டதால் ஜப்பான் படை மண்ணுக்குள் குடிபோனது. எரிமலைச் சாம்பல் இறுகிய மண், தோண்டச் சுலபம். மைல் கணக்கில் சுரங்கம் வெட்டினார்கள், வெட்டியதில் நம் ஆட்களும் உண்டு. 1945 செப்டம்பர் 6ஆம் தேதி அங்கிருந்த ஜப்பான் படை சரணடைந்தது. பிறகு ஆஸ்திரேலியர்கள் வந்து மீட்டார்கள்.

ஊர்ப் பெயர் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். தாத்தா "ரெண்டு வருஷம் ராபால்ல மண்ணுக்குள்ள கெடந்தேன்" என்பார். வீட்டில் எல்லோர் காதிலும் விழுந்தது "நேபால்". நேபாளத்தில் ஏது ஜப்பான்காரன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் செத்து ஆறு வருஷம் கழித்து, ஒரு வரைபடத்தில் எரிமலைக்குப் பக்கத்தில் அந்தப் பெயரைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. தாத்தா சொல்லும் ஊர் வரைபடத்தில் இல்லையென்றால், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுத்தில் தேடாதீர்கள், சத்தத்தில் தேடுங்கள்.

நியூகினியில நடந்ததா தாத்தா ஒரு விஷயம் சொன்னார். எழுதவே கை கூசுது. அது நெசமா?

நீங்கள் எழுதாவிட்டாலும் என்ன கேட்கிறீர்கள் என்று தெரியும். கைதிகளைக் கொன்று தின்றார்கள் என்பதுதான். ஆம், நடந்தது. 1944க்குப் பிறகு நியூகினியில் ஜப்பான் படைக்குக் கப்பல் வருவது நின்றுபோனது, அவர்களே பட்டினி. தப்பி வந்த இந்தியச் சிப்பாய்கள் ஆஸ்திரேலியரின் போர்க்குற்ற விசாரணையில் இதைக் கண்ணால் கண்ட சாட்சியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் சொன்னது ஒரு தடவை போதும். பேரன் பேத்திகளைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொல்லாதீர்கள்.

மூணு வருஷம் ஒரு கடிதாசிகூட வரலையாம். பாட்டி தாலியக் கழட்டற நிலைக்கு வந்துட்டாங்களாம். ஏன் தகவல் சொல்லல?

போர்க்கைதிகளுக்கான 1929 ஜெனீவா உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்துப் போட்டது, ஆனால் உறுதிசெய்யவில்லை. கைதிகளின் பட்டியலைத் தாமதமாகவும் அரைகுறையாகவும்தான் கொடுத்தது. பல வெள்ளைக்காரக் கைதிகளுக்கே வீட்டிலிருந்து வரும் கடிதம் 25 வார்த்தைக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி. தீவுகளுக்குப் போன இந்தியர்களைக் கைதி என்றே ஜப்பான் ஒப்புக்கொள்ளவில்லை, விரும்பி வந்த வேலையாட்கள் என்றது. போருக்குப் பின் வழக்கிலும் இதையே வாதாடினார்கள். வேலையாளுக்கு ஏது தபால்?

அதனால் வீட்டுக்கு வந்தது "காணவில்லை" என்ற ஒரே சொல். போதாக்குறைக்கு 1942 ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா எல்லாம் குண்டு வாங்க, மதராஸே காலியாகிக்கொண்டிருந்தது. தாலி பற்றி என் பாட்டியிடமும் கேட்டேன். "பொணம் வரல, நான் ஏன் கழட்டணும்" என்றாள்.

தாத்தா டைரியில வருஷம் 2602ன்னு எழுதியிருக்கார். அப்பவே புத்தி பிசகிடுச்சா?

புத்தி தெளிவாகத்தான் இருந்திருக்கிறது. ஜப்பானிய அரச மரபுக் கணக்கில் 1942 என்பது 2602. அவர்கள் ஆட்சியில் சிங்கப்பூருக்கு ஷோனான் என்று பெயர் மாற்றி, பத்திரிகையிலும் 2602 என்றே போட்டார்கள். கடிகாரத்தையும் டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். "விடியறதுக்கு முன்னாடியே ஏழு மணி" என்று தாத்தா சொன்னால் அது கற்பனை இல்லை. அப்புறம் "இச்சி, நீ, சான், சி" என்று எண்ணுவதும், யாராவது தொல்லை செய்தால் "பாக்காயாரோ" என்று திட்டுவதும் அங்கே கற்றதுதான். அதன் அர்த்தம் "முட்டாப்பயலே".

பெட்டியில வாழைமரம் போட்ட பத்து டாலர் நோட்டு இருக்கு. விலை போகுமா?

போகாது. அது ஜப்பான் ஆட்சியில் மலாயாவுக்காக அடித்த நோட்டு, "வாழைமர நோட்டு" என்றே பெயர். கணக்கில்லாமல் அடித்துத் தள்ளினார்கள், 1945இல் ஒரே நாளில் குப்பையானது. பெட்டியிலேயே இருக்கட்டும்.

மெடல்ல பேரும் இல்ல, ஊரும் இல்ல. எந்தச் சண்டைக்குன்னு எப்படித் தெரியும்?

ரிப்பனைப் பாருங்கள். ஆறு முனை வெண்கல நிற நட்சத்திரம், ரிப்பனில் நடுவே மஞ்சள், இருபுறம் பச்சை, ஓரத்தில் சிவப்பு என்றால் அது பசிபிக் ஸ்டார். மலாயாச் சண்டையில் இருந்தவர்களுக்கு அதுதான். பர்மா ஸ்டார் இருந்தால் கதை வேறு, அவர் சிங்கப்பூரில் பிடிபட்டவராக இருக்க வாய்ப்பு குறைவு. மெடலே இல்லை என்றால் கறுப்புப் பட்டியல் காரணமாக இருக்கலாம் (ஐ.என்.ஏ. பதிலைப் பாருங்கள்), அல்லது ஈயம் பூசுகிறவனிடம் பாட்டி போட்டிருக்கலாம்.

ரெக்கார்டு எங்க கிடைக்கும்? டெல்லிக்குப் போகணுமா?

முதலில் படை எண் வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகம், பழைய மணியார்டர் துண்டு, எதிலாவது இருக்கும். மதராஸ் சேப்பர்ஸ் என்றால் பெங்களூரில் அல்சூர் ஏரியை ஒட்டியுள்ள அவர்கள் மையத்தின் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதுங்கள். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெல்லிங்டன். ஐ.என்.ஏ. சம்பந்தப்பட்ட காகிதங்கள் டெல்லி தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. அவர்களுடைய அபிலேக் படால் தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். உதவித்தொகை விஷயத்துக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் போங்கள். ரெக்கார்டு ஆபீசில் போய் அதைக் கேட்டு அலையாதீர்கள்.

திரும்பி வராதவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகச் சுவரில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். ரபவுல் பக்கம் பிட்டா பாக்கா போர்க் கல்லறையிலும் இந்தியர்கள் இருக்கிறார்கள். சில பெயர்களுக்குக் கீழே இன்னார் மகன், இன்னார் கணவன், சேலம் மாவட்டம் இன்ன ஊர் என்றுகூட இருக்கும். ஒரு எழுத்துப்படி தேடி நின்றுவிடாதீர்கள். முனுசாமியை முனிசாமி, முனிஸ்வாமி, முன்சாமி என்று கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள்.

ராத்திரி கால் எரியுதுன்னு தண்ணில வெச்சுப்பார். தவிட்டைக் கேட்டு வாங்கித் தின்பார். ஏன்?

முகாமில் கிடைத்தது பாலிஷ் செய்த வெள்ளை அரிசி, அதுவும் கொஞ்சம். அதில் வைட்டமின் பி1 சத்து இல்லாததால் பெரிபெரி வந்தது: கால் வீங்கும், மரத்துப்போகும், நெஞ்சு அடைத்துச் சாவார்கள். மற்றச் சத்துகளும் இல்லாததால் பாதம் எரியும். அந்த நரம்புக் கோளாறு சிலருக்குக் கடைசிவரை போகவில்லை. தவிட்டில் பி1 உண்டு என்பது முகாமில் எல்லோருக்கும் தெரியும், அங்கே அது தங்கம்.

இன்னொன்று. மண்ணிலிருந்து பாதம் வழியாக உடம்பில் ஏறும் ஒரு நூல்புழு, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று பெயர், பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள் உடம்பில் பல பத்தாண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். அது உள்ளே இருக்கும்போது ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் ஆபத்து. இன்னும் யாராவது தாத்தா உயிரோடு இருந்தால் டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஒரு தடவை ஒரு மாதிரி சொல்றார், அடுத்த தடவை வேற மாதிரி. எதை நம்பறது?

தேதியை நம்பாதீர்கள், எண்ணிக்கையை நம்பாதீர்கள். தொட்டது, தின்றது, மோந்தது இவற்றை நம்புங்கள். தாத்தா பிடிபட்ட வருஷத்தைப் பலமுறை மாற்றியிருக்கிறார். ஆனால் ஆயுதங்களைக் குவித்த இடத்தில் மழை பெய்து துப்பாக்கிக்கட்டைகள் ஊறிக் கிடந்ததை ஒருமுறைகூட மாற்றவில்லை. மற்றவர் கதை கலப்பதும் உண்டு (மரண ரயில் பதில்). 1914இல் எம்டன் கப்பல் மதராஸில் குண்டு போட்டதைக்கூட ஒருவர் தான் பார்த்ததாகச் சொன்னார், பிறந்ததே 1919இல். அது அவர் அப்பா பார்த்தது. பொய் என்று நான் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டேன்.

தாத்தா போய் இருபது வருஷம் ஆச்சு. இனிமே என்ன செய்ய முடியும்?

அவரைக் கேட்டவர்கள் இருக்கிறார்களே. அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரையும் தனித்தனியாகக் கேளுங்கள், ஒன்றாக உட்காரவைத்தால் ஒருவர் சொன்னதையே எல்லோரும் சொல்வார்கள். அவர் சொன்ன சொல்லை அவர் உச்சரித்தபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். பழைய கேசட் இருந்தால் முதலில் அதைக் கணினியில் ஏற்றுங்கள், நாடா பூஞ்சை பிடித்துவிடும்.

எங்கள் வீட்டுக் கேசட் ஒன்று 1991இல் பதிவு செய்தது. அதில் தாத்தா "ராபால்" என்கிறார். என் அத்தை குறுக்கே புகுந்து, "நேபாளம்னு தெளிவா சொல்லுப்பா, டேப்புல பதியுது" என்கிறாள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு தாத்தா, "சரி, நேபாளம்னே வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, காப்பி ஆறிப்போச்சு என்று யாரையோ கூப்பிடுகிறார்.